நாற்பத்திரண்டாவது தாமதம்

பதிவேட்டில் அந்தக் கட்டம்
ஒரு விரல் அகலம்.
'பிறரிடம் நடந்துகொள்ளும் விதம்' என்று
மேலே அச்சடித்திருக்கிறது.
கீழே ஏ, பி, சி.
டி-யைப் போன வருடமே எடுத்துவிட்டார்கள்,
யார் மனமும் புண்படக் கூடாதாம்.

தவமலர், ஐந்தாம் வகுப்பு.
வகுத்தலில் மீதியை எப்போதும் தொலைப்பவள்.
கரடியைக் கறடி என்றெழுதி
அரை மதிப்பெண் இழந்தவள்.
கரடி எந்த வளைவில் எத்தனை மணிக்கு
எஸ்டேட் கேன்டீன் டிரம்மைக் கவிழ்க்கும் என்று
கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.
கேட்கவில்லை.
ஜூனிலிருந்து நாற்பத்தொரு நாள் தாமதம்.
நாற்பத்தொரு நாளும்
பிரேயர் முடியும்வரை
வாசலில் நிற்க வைத்தவள் நான்.

நவம்பரில் ஒரு நாள்
கோத்தகிரி பஸ் மண்சரிவில் மாட்டிக்கொள்ள
லைன் வீடுகளின் வழியாக
நானும் ஏறி வந்தேன்.
பனிமூட்டம். சில்வர் ஓக் மரங்களுக்கு
இடுப்புக்கு மேல் இல்லை.
முன்னால் ஒரு நீலப் பை தனியே போனது.
பைக்குக் கீழே
இரண்டாம் வகுப்பு ஜெரோன்.

அவன் கையைப் பிடித்தால் உதறுவான்.
'நானே போவேன்' என்பான்.
போவதும் இல்லை.
ஒவ்வொரு நத்தைக்கும் நிற்பான்.
அவனுக்குப் பத்தடி பின்னால் தவமலர்.
அவன் நின்றால் இவளும் நிற்பாள்,
ரிப்பனை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவாள்.
அவன் திரும்பிப் பார்த்தால்
ரிப்பன்தான் தெரியும்.
தண்ணீர்த் தொட்டி வளைவில் மட்டும்
பத்தடி இரண்டடி ஆகும்.
வளைவு கழிந்ததும் மறுபடி பத்தடி.

அன்று நானும் தாமதம்.
எனக்கு யாரும் குறிக்கவில்லை.

அடுத்த வாரம் ஊட்டியில் பயிற்சி.
'குழந்தையை முழுதாகப் பாருங்கள்' என்றார்கள்.
வண்ண அட்டையும் சமோசாவும் தந்தார்கள்.
பின்னிருக்கையில் இருந்த எனக்குத்
தொண்டை அடைத்தது.
முழுதாகப் பார்த்துவிட்டேன் ஐயா,
பத்தடி பின்னாலிருந்து பார்த்துவிட்டேன்.

திரும்பி வந்த காலை
வகுப்பில் சொன்னேன்:
'உதவி செய்கிறவங்களுக்கு இனிமே மார்க் உண்டு.'
அவளுக்கு என்று நினைத்துத்தான் சொன்னேன்.

மறுநாள் கேட்டருகே
ஜெரோனைச் சுற்றிப் பதினோரு பேர்.
ஒருவனிடம் பை, ஒருத்தியிடம் பாட்டில்,
குடை ஒருவனிடம்.
ஒரு செருப்புக்கூட யாரோ கையில்.
'டீச்சர், நான்தான் முதல்ல,' 'இல்ல டீச்சர்.'
நடுவில் வெறுங்காலோடு
ஜெரோன் விம்மிக்கொண்டிருந்தான்.

தவமலர் வரிசையில் மூன்றாவதாக நின்றாள்.
மணி அடிப்பதற்கு முன்பே.
ரிப்பன் கலையவே இல்லை.
என்னைப் பார்த்து,
'இன்னிக்கு லேட் இல்ல டீச்சர்.'

அதற்கு மறுநாள் ஜெரோன் வரவில்லை.
அதற்கு மறுநாளும்.

திங்கட்கிழமை,
'அந்த மார்க் கேன்சல்,' என்றேன்.
'மேலிடத்து உத்தரவு.'
இருபது வருட வேலையில்
மேலிடத்தின்மேல் நான் போட்ட முதல் பழி.
பதினோரு பேரும் 'போங்க டீச்சர்' என்றார்கள்.
செவ்வாய்க்குள்
அவரவர் பையை அவரவர் சுமந்தார்கள்.

டேப்லெட்டில் கட்டத்தைக்
காலியாக விட்டால் ஏற்காது.
சிவப்பாகி, திரும்பக் கேட்கும்.
முப்பத்தொரு பேருக்கும் ஏ போட்டேன்.
மலையில் சிக்னல் வரும் ஒரே இடமான
சத்துணவுக்கூடப் படியில் நின்று அனுப்பினேன்.
பொய்யில்லை அது.
விடையும் இல்லை.

வியாழன், ஒன்பது முப்பத்தைந்து.
கரும்பலகையில் பின்னங்கள்.
ஜன்னலுக்கு வெளியே
முதலில் நீலப் பை வந்தது.
பிறகு கொஞ்ச நேரம்
பனி மட்டும் வந்தது.
பிறகு, தலைக்குப் பின்னால்
இரண்டு கைகளும் உயர்ந்திருக்க
ரிப்பன் கட்டிக்கொண்டே ஒருத்தி.

வாசலில் வழக்கமான இடத்தில் நின்றாள்.
'ஏன் லேட்?' என்று நான் கேட்கவில்லை,
'உள்ளே வா' என்றும் சொல்லவில்லை.
பதிவேட்டைத் திறந்து
தாமதம் என்று குறித்தேன்,
எழுத்து தெளிவாக விழும்படி.
நாற்பத்திரண்டு.

நிமிர்ந்தபோது
அவள் தன் இடத்தில் உட்கார்ந்து
பக்கத்துப் பெண்ணிடம்
பென்சில் கேட்டுக்கொண்டிருந்தாள்.